பாடும் வாய்: குத்தம்பாக்கம் வட்டாரத்தில் துதியின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசையையும் கடந்தால் குத்தம்பாக்கம் வரும். இன்று இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்குப் புதிய பேருந்து முனையம்தான் நினைவுக்கு வருகிறது. ஊராட்சிகளைக் கவனித்துவருபவர்களுக்கு 1996-இல் தலைவரான இளங்கோ ரங்கசாமியின் பெயரும், தலித் குடும்பமும் மற்றொரு சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளாக அங்கே எழுந்த சமத்துவபுரமும் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரை நடுவில் வைத்து அக்கம்பக்கத்து ஊர்களை எண்ணிப் பார்த்தால் இன்னொரு வரலாறு எழுந்து நிற்கிறது. அருகிலேயே திருமழிசை, ஆழ்வார் பிறந்த ஊர். அடுத்தது திருக்கச்சி நம்பியின் பூந்தமல்லி. வடகிழக்கே சம்பந்தர் பாடிய திருவேற்காடு. ஆவடியை ஒட்டிச் சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில். வடக்கே பூசலார் வாழ்ந்த திருநின்றவூர். தெற்குப் பக்கம் திரும்பினால் இராமானுசர் 1017-இல் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடிய கோவூர். காவிரிக் கரைக்கு வெளியே, பாடியவர்களும் பாடப்பட்ட ஊர்களும் இத்தனை நெருக்கமாக அமைந்த நிலம் தமிழகத்தில் அரிது.

இந்த நிலத்தை வைத்து ஒரு கேள்வியை ஆராயலாம். இறைவனைப் பாட்டாலும் வேதத்தாலும் துதிப்பது அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாக எப்படி ஆனது? அது யாருடைய வாயில் வாழ்ந்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது? பக்தி குறைந்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆடி மாதத்தில் திருவேற்காட்டுக்குப் போகும் கூட்டத்தையும், டிசம்பர் 31 நள்ளிரவில் ஆவடி தேவாலயங்கள் நிரம்பி வழிவதையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குறைந்திருப்பது பாடும் வாய்களின் எண்ணிக்கை. துதியைக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். தாமே பாடுபவர்கள் சுருங்கிவிட்டார்கள். இதுவே இக்கட்டுரையின் முடிபு. மற்றவை அதற்கான சான்றுகள்.

உழைப்பவர் நாவில்

குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதைப்படி, மூங்கில் புதருக்கடியில் விடப்பட்ட குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தவர்கள் திருவாளனும் அவர் மனைவியும். மூங்கில் வெட்டிப் பிழைத்தவர்கள். அந்தக் குழந்தைதான் திருமழிசை ஆழ்வார். நான்முகன் திருவந்தாதியில் 96 பாடல்களும் திருச்சந்தவிருத்தத்தில் 120 பாடல்களும் அவர் பெயரில் நாலாயிரத்துள் இருக்கின்றன. சந்தத்தின் விசை திருச்சந்தவிருத்தத்தில் எப்படி ஓடுகிறது என்பதை வாய்விட்டுப் படித்தால்தான் உணர முடியும்; கண்ணால் மட்டும் படிப்பவருக்கு அந்த நூல் பாதிதான் கிடைக்கும்.

அவரைப் பற்றி வழங்கும் கதைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பெரும்புலியூரில் நடந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஆழ்வார் வந்து அமர்ந்தார். அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், இவர் காதில் விழக் கூடாதென்று ஓதுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆழ்வார் குறிப்பறிந்து எழுந்து நகர்ந்த பிறகு தொடரப் பார்த்தால், விட்ட இடம் அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். விட்டுப்போன அடி அதுதான். யாரைக் கேட்கவே தகாதவர் என்று ஒதுக்கினார்களோ அவருக்கே வேதம் நினைவிலிருந்தது. நடந்ததா என்று ஆராய்வதைவிட, இந்தக் கதையை வைணவர்களே தலைமுறை தலைமுறையாகப் போற்றிச் சொல்லிவந்திருக்கிறார்கள் என்பதையே நான் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். வேதம் பிறப்பால் வருவதில்லை, நாவிலும் நினைவிலும் இருக்கிறது என்பதை ஒரு மரபு தன் உள்ளிருந்தே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பூந்தமல்லி திருக்கச்சி நம்பி வணிகர் குலத்தவர். தோட்டம் போட்டுப் பூப் பறித்துக் காஞ்சி வரதனுக்குக் கொண்டுபோனவர். பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர். தேவராஜ அஷ்டகம் அவர் இயற்றியது. இராமானுசர் தம் மனத்தில் இருந்த ஐயங்களுக்கு விடை கேட்டது இவரிடம்தான்; வரதன் சொன்னதாக இவர் திருப்பிச் சொன்ன ஆறு வார்த்தைகளே இராமானுசரின் பாதையைத் தீர்மானித்தன என்பது மரபு. சைவப் பக்கம் பார்த்தாலும் இதே போக்குத்தான். திருவேற்காட்டு மூர்க்க நாயனார் சூதாடிப் பொருள் சேர்த்து அடியார்களுக்குச் சோறு போட்டவர். திருநின்றவூர்ப் பூசலாரிடம் கோயில் கட்டப் பணமில்லை. மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவர் கோன் கட்டிய கற்றளிக்கும் விழா. இறைவன் பூசலாரின் கோயிலுக்கு முதலில் போனார் என்று சேக்கிழார் எழுதுகிறார். எழுதியவர் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். அரசன் கட்டிய கோயிலுக்கும் மேலாக ஓர் ஏழையின் நினைப்பை வைத்தவர். பெரியபுராணம் இன்றும் வாசிக்கப்படுவதற்கு இந்தத் துணிவு ஒரு காரணம்.

இவர்கள் யாருக்கும் துதி என்பது வேலை முடிந்தபின் ஒதுக்கிய நேரத்தில் செய்வதாக இல்லை. பூப் பறிக்கும் கையோடும், பந்தி பரிமாறும் கையோடும் சேர்ந்து வந்தது.

நாளுக்கு ஒரு பங்கு

அன்றாடம் என்ற சொல்லுக்கு இங்கே கணக்கு இருக்கிறது. ஒரு நூல் பெரியது, வாழ்க்கை அவசரமானது. இரண்டையும் பொருத்த எல்லா மதத்தினரும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நூலை நாட்களின் அளவுக்கு வெட்டிக்கொள்வது.

திருப்பாவை 30 பாசுரம். மார்கழியில் நாளுக்கு ஒன்று. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல், திருப்பள்ளியெழுச்சி 10. சேர்த்தால் அதுவும் 30. குர்ஆனை 30 பகுதிகளாகப் பிரித்து ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகையில் ஓதி நிறைவு செய்வது வழக்கம். பைபிளில் நீதிமொழிகள் 31 அதிகாரம். மாதத்தின் தேதி எதுவோ அந்த அதிகாரத்தைப் படிக்கும் பழக்கம் பல கிறிஸ்தவக் குடும்பங்களில் உண்டு. 150 சங்கீதங்களையும் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று ஓட்டுவார்கள். ரபீயுல் அவ்வல் பிறந்தால் தமிழ் முஸ்லிம் வீடுகளில் 12 நாட்கள் சுப்ஹான மவ்லிது ஓதுவது நெடுநாள் பழக்கம். சஷ்டிக்கு ஆறு நாள், நவராத்திரிக்கு ஒன்பது.

இந்த ஏற்பாட்டின் அருமையைப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை என்று நினைக்கிறேன். அறிஞர் ஒருவர் நாலாயிரத்தையும் விளக்கிச் சொற்பொழிவாற்றுவது பெரிய காரியந்தான். ஆனால் விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஐந்து நிமிடம் ஒரு பாசுரம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்த பெண்களால்தான் திருப்பாவை ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது. எழுத்தறிவு இல்லாதவர்களும் அதில் சேர முடிந்தது. ஒரு நாளைக்கு எட்டு அடி. கேட்டுக் கேட்டே மனப்பாடமாகிவிடும். இராமானுசரையே திருப்பாவை ஜீயர் என்று அழைத்தார்கள். பிச்சைக்குப் போகும் வழியிலெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டு போனதால் வந்த பெயர். மார்கழிப் பாட்டின் ஆயுளுக்குக் கடல் கடந்த சான்றும் உண்டு. சயாம் அரசவைப் பிராமணர்கள் நடத்திவந்த விழாவுக்குத் திரியம்பாவை, திரிபாவை என்று பெயர். பாங்காக்கில் அந்த விழாவின் பெரிய ஊஞ்சல் 1935-இல் நின்றுபோனாலும் சடங்கு தொடர்கிறது. பொருள் மங்கிப்போன பிறகும் பாட்டின் பெயரையும் ஒலியையும் வாய் காப்பாற்றியிருக்கிறது.

தொண்டை மண்டலத்தில் வேதத்தை மக்கள் நடுவே கொண்டுவந்த மற்றொரு வழி பாரதம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். இரவில் கூத்துக் கட்டுவார்கள். கடைசியில் படுகளம், தீமிதி. பிற்பகலில் காதால் கேட்ட பாட்டை இரவில் கண்ணால் பார்த்து, தீமிதி நாளில் காலால் மிதிக்கும் ஊர் அது. அடவு கட்டி ஆடுபவர் பெரும்பாலும் பகலில் வயலில் நின்றவர். ஆடியில் கூழ் ஊற்றும் இடங்களில் பம்பைக்காரர்கள் பம்பையும் கைச்சிலம்புமாக அம்மனை வருணித்துப் பாடுவதும் இந்த வகையிலேயே சேரும். மாரியம்மன் தாலாட்டு, அம்மை கண்ட வீட்டில் குளிர்ச்சி வேண்டிப் படிக்கப்பட்டது. பெரிய எழுத்துப் பதிப்புகளாகத் தேர்க்கடைகளில் விற்றது. புலவர் வரலாறுகளில் இவற்றுக்கு ஓரிரு வரிகள்கூடக் கிடைப்பதில்லை. துன்பம் வந்த இரவில் எந்தப் பாட்டு வீட்டுக்குள் வந்தது என்று கேட்டால் முதலிடம் இவற்றுக்குத்தான்.

பஜனை கோயில் தெரு

திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் சென்னையின் பழைய பகுதிகளிலும் பஜனை கோயில் தெரு என்ற பெயரை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். ராமர் படமோ பாண்டுரங்கன் படமோ வைத்த ஒரு சிறு மண்டபம், ஒரு ஆர்மோனியம், மிருதங்கம், சில ஜோடி ஜால்ரா. ஆகம விதி, அர்ச்சகர், மானியம் எதுவும் தேவையில்லாத கோயில். மார்கழியில் கோஷ்டி விடியலுக்கு முன் கிளம்பி ஊரைச் சுற்றிவரும். சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பாடுவார்கள். சாவு வீட்டுக்கும் அவர்களையே கூப்பிடுவார்கள்.

இந்தப் பஜனை கோயில்கள் ஏன் இவ்வளவு பெருகின என்பதற்கு விடை கோயில் வாசல்களில் இருக்கிறது. 1947-இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை பெருங்கோயில்களின் உள்ளே நின்று பாட மக்களில் ஒரு பெரும்பகுதிக்கு உரிமையில்லை. உள்ளே விடாதபோது, தெருவிலேயே தமக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு பஜனை கோயில், காலனிக்கு ஒரு பஜனை கோயில் என்று அது பிரிந்தும் இருந்தது. அந்தப் பிரிவினை வருந்தத்தக்கது. ஆனாலும் தலித் குடியிருப்பில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த கீர்த்தனைகளை மேஸ்திரியும் கட்டட வேலைக்காரரும் முறைவைத்துப் பாடிய அந்த மண்டபங்களை நம் இசை வரலாறு கவனிக்கவேயில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்தியதை எல்லாரும் அறிவார்கள், அது போற்றத்தக்கதுதான். மேற்குப் புறநகரின் தெருக்களில் அதே மாதத்தில் அதே வேளையில் பாடியவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

பெருங்கோயில்களுக்குள் பாடும் உரிமை பற்றிய வழக்குகளோ இன்னும் ஓயவில்லை. காஞ்சி வரதராசர் கோயிலில் யார் முதலில் ஓதுவது என்ற வடகலை, தென்கலைச் சண்டை நூறாண்டுக்கு மேலாக நீதிமன்றங்களில் அலைகிறது. சிதம்பரத்தில் திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட அடியார் ஆறுமுகசாமி நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 2008 தொடக்கத்தில் அரசாணை வந்த பிறகே அது நடந்தது. தேவாரத்தின் ஊரில், தமிழில் பாட, காவல்துறை பாதுகாப்பு வேண்டியிருந்தது என்பதை எந்தச் சமாதானமும் துடைக்க முடியாது. இதே மரபு, தன் பண்களை மீட்டுக்கொண்ட விதத்தைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. செல்லரித்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பி தொகுத்த பின், எந்தப் பண்ணில் பாடுவது என்று தெரியாமல் நின்றபோது, எருக்கத்தம்புலியூரில் பாணர் குலத்துப் பெண் ஒருவரே பண்ணமைத்துக் கொடுத்தாராம். ஏடு கோயிலின் அறையில் பூட்டிக் கிடந்தது. இசை ஒரு பாணர் வீட்டில் இருந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டபோது அதைப் புதுமை என்று பலர் எழுதினார்கள். என் கணிப்பில் அது மிகத் தாமதமாகத் திருப்பித் தரப்பட்ட கடன்.

முதலாம் இராசராசன் தஞ்சைக் கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும் உடன் கொட்ட இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் கொடுத்தான். பாடுபவர் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்று அன்றைய அரசுக்குத் தெரிந்திருந்தது. இன்று ஓதுவார் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. பாடல் பெற்ற பல தலங்களில் ஓதுவார் இல்லாமலே பூசை நடக்கிறது.

எது வேதம்?

பாட்டு எப்போது வேதமாகிறது என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் திருவருட்பா என்ற பெயரில் வெளியிட்டார். அந்தப் பெயரைத் திருமுறைகளுக்கு மட்டுமே தரலாம் என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. 1869-இல் வழக்கும் நடந்தது. நாவலரின் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. வரம்பில்லாமல் போனால் எல்லாம் வேதமாகிவிடும் என்று அஞ்சினார். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. பாடத் தொடங்கிவிட்டார்கள். பாடப்பட்டதால் அது நின்றது.

அதே மஞ்சக்குப்பத்தில் 1871-இல் இன்னொன்று நடந்தது. சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் தங்கள் உரிமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடல் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். நீதிமன்ற ஊழியராக இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை அதைக் கேட்டு வியந்து, ஊர் ஊராக ஏடு தேடிப் புறப்பட்டார். 1894-இல் முதல் தொகுதியும் 1901-இல் இரண்டாம் தொகுதியும் வந்தன. அவர் போகாவிட்டால் அருணகிரிநாதரின் பாடல்களில் பெரும்பகுதி இன்று நம் கையில் இராது. சொல் பிழைத்தது, அருணகிரிநாதர் பாடிய மெட்டு பிழைக்கவில்லை. இப்போது நாம் கேட்பவை எல்லாம் சந்தத்தை வைத்துப் பின்னர் வந்தவர்கள் அமைத்தவை. திருத்தணிப் படிக்கட்டுகளில் ஆண்டின் கடைசி இரவில் படிக்கொரு திருப்புகழ் பாடும் வழக்கத்தை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தார். புறநகர் ரயிலில் ஏறிப்போய் இன்றும் ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்கிறார்கள்.

கிறிஸ்தவர்களிடமும் இதே இழுபறி உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1742 முதல் சென்னை வேப்பேரியில் பணிசெய்த பப்ரிசியுஸ் பைபிளை மீண்டும் மொழிபெயர்த்ததோடு ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழில் தந்தார். அவை ஐரோப்பிய மெட்டிலேயே பாடப்பட்டன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி, தாலாட்டு, அம்மானை என்று நாட்டுக்குப் பழகிய வடிவங்களில் கிறிஸ்துவைப் பாடியபோதுதான் பாட்டு தேவாலயத்தை விட்டு வெளியே வந்து அடுக்களைக்குள் போனது. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதே சாஸ்திரியார், பந்தியிலும் இருக்கையிலும் சாதி வேறுபாட்டைக் கைவிட மறுத்து மிஷனரிகளோடு வாதாடியவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் பாட்டு அவரைவிட அகலமானது. அவர் யாரோடு உட்கார மறுத்தாரோ அவர்களும் அதைப் பாடுகிறார்கள்.

இன்றும் ஒரு சி.எஸ்.ஐ. ஆராதனையில் பாமாலையும் கீர்த்தனையும் அடுத்தடுத்து வரும். பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தே சபையில் கைதட்டலும் டிரம்ஸும். கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் எளிய தமிழில் வந்துவிட்டது. ஆனால் புறநகரின் பெரும்பாலான சீர்திருத்தச் சபை வீடுகளில் குடும்ப ஜெபத்துக்குத் திறப்பது பழைய மொழிபெயர்ப்பைத்தான். தாயின் வாயால் கேட்டு மனப்பாடமான வசனத்தை எளிமை என்ற காரணத்துக்காக யாரும் மாற்றிக்கொள்ள விரும்புவதில்லை. புத்தாண்டு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த வசன அட்டையைப் பீரோக் கதவில் ஒட்டி ஆண்டு முழுக்கப் படிப்பவர்களைக் கேட்டால் இது புரியும்.

ஒலிபெருக்கி வந்த பிறகு

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தது. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், நாகூர் ஹனிபாவின் (1925–2015) இஸ்லாமியப் பாடல்கள், பெர்க்மான்ஸ் அடிகளாரின் ஜெபத்தோட்டப் பாடல்கள் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு குரல் கிடைத்தது. இவை செய்த நன்மை பெரிது. சுப்ரபாதம் அதுவரை கோயில் சந்நிதியில் ஓதப்பட்டது. இசைத்தட்டு அதைத் தேநீர்க் கடைக்குக் கொண்டுவந்தது. யாருக்குக் கருவறை எட்டாதிருந்ததோ அவர் வீட்டிலும் அது ஒலித்தது. ஹனிபாவின் பாட்டை இந்து வீடுகள் கேட்டன. ஈஸ்வரி பிறப்பால் கிறிஸ்தவர் என்பது அம்மன் பக்தர்கள் யாருக்கும் தடையாக இருந்ததில்லை.

ஆனால் விலையும் கொடுத்திருக்கிறோம். பம்பைக்காரர் வருணனைக்குக் கொடுத்த பணம் மைக் செட்டுக்குப் போனது. மார்கழிக் கோஷ்டி சுற்றிவந்த ஊரில் கோபுரக் குழாய் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியதும், நாலரை மணிக்கு எழுந்து குளிரில் நடக்க யாருக்கும் காரணமில்லாமல் போயிற்று. ஒரு தேர்ந்த குரல் வந்ததும் தேராத நூறு குரல்கள் வெட்கப்பட்டு ஒதுங்கின. இதில்தான் என் வருத்தம். சுதி பிசகினாலும் பாடலாம் என்பது துதிக்கு மட்டும் உள்ள சலுகை. அதை நாமே விட்டுக்கொடுத்துவிட்டோம்.

கேட்பதும் பக்திதானே என்பார்கள். உண்மை. ஒன்பது வகைப் பக்தியில் கேட்டல் முதலாவது, பாடல் இரண்டாவது. ஆனால் அந்த வரிசையே கேட்டவர் அடுத்துப் பாட வேண்டும் என்றுதான் அமைந்திருக்கிறது. கேட்டலிலேயே நின்றுவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கேட்கவும் நேரிடையாக ஒரு வாய் இராது. பதிவு மட்டுமே இருக்கும்.

ஒலிபெருக்கி அண்டை வீட்டாரோடு உள்ள உறவையும் மாற்றியது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகர்ப் பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் சத்தம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பானது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். ஒரு சபையின் பெயரில் வந்தாலும் அந்தத் தீர்ப்பு கோயில் குழாய்க்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் சேர்த்தே. திறந்த வாயால் பாடிய பஜனை கோஷ்டி மேல் யாரும் இப்படி வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மனிதக் குரலின் எல்லை தெரு முனையோடு முடிந்துவிடும்.

வேலை நேரமும் ஒரு காரணம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனிப் பேருந்துகள் விடியலுக்கு முன்பே நெடுஞ்சாலையில் நிற்கின்றன. கோஷ்டி கிளம்ப வேண்டிய நேரத்தில் இளைஞர்கள் முதல் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். அவர்கள் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் சிலருக்குச் சங்கீதம், சிலருக்குக் கவசம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்து மணி நேரம் நின்று வேலை பார்க்கப் போகிறவருக்கு அது துணை. அதே பேருந்துகளில் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அனுமன் சாலீசாவை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அவர்களில் பலர். நாற்பது செய்யுளை வாயில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்திருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கற்றுத்தரும் ஏற்பாடு இன்று உறுதியாக இருப்பது இரண்டு இடங்களில்: ஞாயிறு பள்ளி, மதரஸா. வசனம் ஒப்பிப்பதும் சூரா ஓதுவதும் அங்கே சிறு வயதிலேயே பழக்கமாகின்றன. திருப்பாவை, தேவார வகுப்புகள் நகரத்து அடுக்ககங்களில் பெருகியிருக்கின்றன. பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு. மிகவும் நலிந்திருப்பது பஜனை கோயில். அங்கே பாடுபவர்களுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அவர்களிடம் அச்சு நூல் இல்லை. அட்டை கிழிந்த நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. நாமாவளிகள், அந்தந்த ஊர்ச் சாமிமேல் அந்தந்த ஊர்க்காரர் கட்டிய பதங்கள், சாவு வீட்டுக்கென்று தனியாக உள்ளவை எல்லாம் அவற்றில் இருக்கும். சொல்லை நோட்டு காப்பாற்றிவிடும். மெட்டும், எந்த இடத்தில் ஜால்ரா நிற்க வேண்டும் என்பதும் அவர்கள் தொண்டையிலும் கையிலும் மட்டுமே இருக்கின்றன. திருப்புகழுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரக் கூடாதென்றால், சுப்பிரமணிய பிள்ளை ஏடு தேடிப் போனதைப் போல யாராவது திருமழிசை, குத்தம்பாக்கம், வெள்ளவேடு பக்கத்துத் தெருக்களுக்கும் காலனிகளுக்கும் வீடு வீடாகப் போக வேண்டும். இந்த முறை கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு, அதைவிட முக்கியமாக, உடன் உட்கார்ந்து பாடக் கற்றுக்கொள்ளும் பத்துப் பிள்ளைகளோடு.